கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள மணல்

கிரகப்பிரவேசத்துக்கு முந்தைய வாரம் கேட்டுக்கும் போர்டிகோவுக்கும் நடுவே பேவர் பிளாக் பதிப்பது தமிழ்நாட்டில் ஏறக்குறைய சடங்காகிவிட்டது. வீட்டின் மற்ற வேலைகளெல்லாம் முடிந்து, கையிருப்பும் பொறுமையும் தீர்ந்துபோன நேரத்தில் நடக்கும் வேலை அது. சிவப்பா சாம்பலா, ஜிக்ஜாக்கா ஐ ஷேப்பா, 60 எம்எம்மா 80 எம்எம்மா என்று கல்லைப் பற்றி வீட்டில் நாலு நாள் பேச்சு ஓடியிருக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே எந்த மணல் போகிறது என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மாலை ஐந்து மணிக்கு, மிச்சம் கிடக்கும் ஈர எம்-சாண்டில் நாலு பாண்டு அள்ளிக் கொட்டி, துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். மேலே பார்த்தால் எல்லா ஜாயின்டும் நிறைந்திருக்கும். உள்ளே பாதிக்கு மேல் காலி.

இதன் பலன் முதல் ஐப்பசியிலேயே தெரியத் தொடங்கும். சன்ஷேடிலிருந்து தண்ணீர் சொட்டும் வரிசையில் இடுக்குகள் வெறுமையாகும். கார் சக்கரம் போகும் இரண்டு தடங்களில் கல் அரை விரல் இறங்கும். வண்டி ஏறும்போது ஏதோ ஒரு கல் ‘டக்’ என்று சத்தம் கொடுக்கும். மழை விட்ட பிறகு அதை மிதித்தால் பக்கத்து இடுக்கிலிருந்து கலங்கல் நீர் பீச்சும். அந்தக் கலங்கலில் வெளியே வருவது கல்லைத் தாங்கிக்கொண்டிருக்கும் படுக்கை மணல். இந்த அத்தியாயம் அந்த மணலை உள்ளே நிறுத்துவதைப் பற்றியது.

பேவர் தரையில் ஒரு கல்லை இன்னொரு கல்லோடு ஒட்டவைக்கும் பசை எதுவும் கிடையாது. புத்தக அலமாரியிலிருந்து பத்துப் புத்தகங்களை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் வரிசை குலையாமல் அப்படியே தூக்கிவிடலாம். பிடி தளர்ந்தால் நடுப்புத்தகம் நழுவும். பேவர் தரையும் நிற்பது அந்த உராய்வில்தான். ஒரு கல்லின் மேல் சக்கரம் ஏறும்போது, இடுக்கில் இறுகியிருக்கும் மணல் அந்தப் பாரத்தைப் பக்கத்துக் கற்களுக்கும் பகிர்ந்துகொடுக்கிறது. அந்தக் கல் தனியாகக் கீழே இறங்குவதையும், ஒரு பக்கம் சாய்ந்து திரும்புவதையும், பக்கவாட்டில் நகர்வதையும் அதுவே தடுக்கிறது. பொறியாளர்கள் இந்த மூன்றையும் சேர்த்துத்தான் ‘இன்டர்லாக்’ என்கிறார்கள். கல்லின் ஓரம் வளைந்து நெளிந்து ஒன்றுக்குள் ஒன்று பொருந்துவதால்தான் இன்டர்லாக் வருகிறது என்பது பரவலான எண்ணம். எவ்வளவு நெளிந்த கல்லானாலும் இடுக்கில் மணல் இல்லையென்றால் தனிக் கல்லாகத்தான் ஆடும். செவ்வகக் கல்லே ஆனாலும், மணல் இறுகியிருந்தால் லாரியைத் தாங்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நெதர்லாந்தில் சுட்ட செங்கல் தட்டுப்பாட்டால் தெருக்களுக்குக் கான்கிரீட் கற்களை வார்த்தபோது, அவை பெரும்பாலும் பழைய செங்கல் வடிவிலேயே இருந்தன. அங்கே தெருக்களில் இன்றும் அந்தச் செவ்வகக் கல்தான் அதிகம்.

இந்தியாவில் பேவர் கல்லுக்கு ஐ.எஸ். 15658 என்ற தரக்குறியீடு 2006-இல் வந்தது. பதிக்கும் முறைக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் எஸ்.பி. 63 வழிகாட்டி இருக்கிறது. வீட்டுக் கார் போகும் பாதை போன்ற இலகுவான போக்குவரத்துக்கு 2006 குறியீடு சொன்னது எம்-35 தரமும் 60 மில்லிமீட்டர் தடிமனும். படுக்கை மணல் 20 முதல் 40 மில்லிமீட்டர், ஜாயின்ட் 2 முதல் 4 மில்லிமீட்டர் என்பது எஸ்.பி. 63-இன் கணக்கு. அந்த 2 மில்லிமீட்டர் குறைந்தபட்ச அளவு வெறும் அழகுக்காகச் சொன்னதல்ல. ‘கேப்பே தெரியாம நெருக்கிப் போட்டுத் தர்றேன் சார்’ என்று மேஸ்திரி பெருமையாகச் சொன்னால், அங்கேயே வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டும். கல்லோடு கல் நேரடியாக உரசினால் மணல் இறங்க வழியில்லை. வெயிலில் கல் விரியும்போது ஓரங்கள் ஒன்றையொன்று நசுக்கிப் பொரிந்து உதிரும். இயந்திரத்தில் அழுத்தி வார்த்த கற்களின் பக்கவாட்டில் சிறு மேடுகள் இருக்கும். அவை இந்த இடைவெளியைத் தாமே காக்கும். பளபளப்புக்காக வாங்கும் ரப்பர் மோல்டு கற்களில் பெரும்பாலும் அந்த மேடு இருக்காது. அங்கே இடைவெளியைக் காப்பது பதிப்பவரின் கைதான்.

மறுபடி மணல் நிரப்ப இறங்கும் முன், பழைய மணல் எங்கே போனது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் கொட்டும் மணல் அடுத்த மழைக்கும் அதே வழியில் போகும். இந்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான்.

முதலில் ஓரத்தைப் பார்க்க வேண்டும். தரையின் விளிம்பில் கெர்ப் கல்லோ கான்கிரீட் அணைப்போ இல்லாமல், வெறும் சிமென்ட் கலவையைச் சாய்வாகப் பூசி முடித்திருப்பார்கள். கார் திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்தப் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாக விலகும். ஓர வரிசை நகரும். 3 மில்லிமீட்டர் ஜாயின்ட் 8 மில்லிமீட்டராகும். எட்டு மில்லிமீட்டர் இடுக்கில் எந்த மணலும் இறுகாது. அந்த இடத்தில் ஓர வரிசையை எடுத்து, கெர்ப் கல்லைக் கான்கிரீட்டில் உட்காரவைத்து, முதுகுப்புறமும் கான்கிரீட் அணைத்து, கற்களை நெருக்கிப் பதித்த பிறகே மணலைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். மொட்டைமாடிக் குழாய் நேராகப் பேவர் மேல் கொட்டுகிறதா, தரையின் வாட்டம் கேட்டை நோக்கி இருக்கிறதா வீட்டை நோக்கியா, ஏசி குழாயின் சொட்டு ஒரே இடத்தில் விழுகிறதா என்று ஒரு மழை நாளில் குடை பிடித்து நின்று பார்ப்பது நல்லது. குழாய் கொட்டும் இடத்தில் எந்த மணலும் நிற்காது. குழாயை மழைநீர்த் தொட்டிக்குத் திருப்புவது ஒன்றே வழி. தமிழ்நாட்டில் 2003-இலிருந்தே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், தொட்டி ஏற்கெனவே இருக்கும். குழாய்தான் அதுவரை போய்ச் சேராமல் இருக்கும்.

மூன்றாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. படுக்கை மணலுக்குக் கீழே பெரிய ஜல்லியைப் பரப்பி, அதன் இடுக்குகளைச் சிறு ஜல்லியும் கிரஷர் தூளும் போட்டு அடைக்காமல் விட்டிருந்தால், மேலே உள்ள மணல் மெல்ல மெல்ல ஜல்லிக்குள் வடியும். மேலிருந்து எவ்வளவு ஊட்டினாலும் நிறையாது. இதே கதைதான் சம்ப்பைச் சுற்றியும், கழிவுநீர்க் குழாய்க்கும் மின் கேபிளுக்கும் தோண்டிய பள்ளங்களின் மேலும் நடக்கும். பள்ளத்தைத் தோண்டிய மண்ணை அப்படியே தள்ளி மூடியிருப்பார்கள். அடுக்கடுக்காக நனைத்து இடித்திருக்க மாட்டார்கள். பேவரில் நீளவாக்கில் நேர்கோடாக ஒரு பள்ளம் விழுந்தால், கீழே ஒரு குழாய் போகிறது என்று நம்பலாம். அந்தப் பட்டையில் கற்களை எடுத்து, அடித்தளத்தைச் சரிசெய்து, ஜல்லி திறந்திருந்தால் மேலே ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, புதிதாக மணல் பரப்பிப் பதிக்க வேண்டும். கல் உடையாமல் வரும், அதே கல்லைத் திரும்பப் போடலாம் என்பதுதான் இந்தத் தரையின் பெரிய வசதி.

ஓரம் உறுதி, வாட்டம் சரி, தரை சமம், இடுக்குகள் மட்டும் காலி என்றால் நிரப்பும் வேலைக்கு வரலாம்.

ஜாயின்ட் மணலும் படுக்கை மணலும் ஒன்றல்ல. படுக்கைக்குக் கொஞ்சம் கரடான மணல் வேண்டும்; ஜாயின்டுக்கு நைசான மணல். 2.36 மில்லிமீட்டர் சல்லடையில் முழுவதும் இறங்க வேண்டும், 75 மைக்ரான் அளவுக்கும் கீழான தூள் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. ஆற்று மணல் கிடைப்பதே அரிதாகிவிட்ட நிலையில், கடையில் ‘பி-சாண்ட்’ என்று பூச்சுக்கு விற்கும் அலசிய மணல் இந்த வேலைக்குப் பொருந்தும். எம்-சாண்டைச் சலித்தும் பயன்படுத்தலாம். அதன் முனைகள் கூரானவை, இறுகிவிட்டால் நன்றாகப் பிடிக்கும், ஆனால் உள்ளே இறங்கக் கொஞ்சம் மறுக்கும். விலை குறைவு என்று கிரஷர் டஸ்ட்டை வாங்கினால் அதிலுள்ள தூள் மழையில் சேறாகி, கல்லின் மேல் சாம்பல் படலமாகப் படியும்; ஈரத்தையும் பிடித்துவைத்துப் புல்லுக்கு விருந்து வைக்கும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். அதன் உப்பு கல்லின் மேல் வெள்ளையாகப் பூத்துக்கொண்டே இருக்கும்.

மணலில் தூள் எவ்வளவு என்று வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடிப் பாட்டிலில் பாதி வரை மணல், முக்கால் வரை தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. மூடியை இறுக்கி நன்றாகக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். மணல் கீழே தங்கும்; அதன் மேல் வழவழப்பாக வண்டல் ஒரு பட்டையாகப் படியும். 10 சென்டிமீட்டர் மணலுக்கு வண்டல் ஒரு சென்டிமீட்டரை நெருங்கினால் அந்த லோடைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

இனி இந்த அத்தியாயத்தின் மிக முக்கியமான ஒரே ஒரு விதி: மணல் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர மணலின் துகள்களை நீர்ப்படலம் ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. கொஞ்சம் ஈரம் இருந்தாலே மணல் உப்பி, காய்ந்த மணலைவிட 20, 30 சதவீதம் கூடுதல் இடம் பிடிக்கும் என்பது கட்டட வேலை தெரிந்த எல்லோருக்கும் தெரியும். அப்படி உப்பிய மணல் 3 மில்லிமீட்டர் இடுக்கின் வாயிலேயே பாலம் கட்டிக்கொண்டு நின்றுவிடும். கீழே காலியாகவே இருக்கும். முதல் மழையில் பாலம் உடையும். பிரிட்டனில் இதற்கென்றே சூளையில் உலர்த்திய மணலை மூட்டையில் அடைத்து விற்கிறார்கள், அங்கே வெயிலை நம்ப முடியாது. இங்கே மாடியில் ஒரு தார்ப்பாயை விரித்து, மணலை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கிளறிவிட்டால், பங்குனி சித்திரை வெயிலில் ஒரே நாளில் காய்ந்துவிடும். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து விரலைத் திறந்தால் உருண்டையாக நிற்கக் கூடாது. விரலிடுக்கில் தண்ணீர் போல ஓட வேண்டும். அதுதான் சோதனை.

வேலைக்கு ஏற்ற காலம் மாசி முதல் வைகாசி வரை. சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் ஆடி ஆவணியில் மாலை இடிமழை வரலாம். காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடித்துவிட முடிந்தால் அப்போதும் செய்யலாம். புரட்டாசிக்குப் பிறகு தொடங்குவது வீண்.

எவ்வளவு மணல் வாங்குவது? 200-க்கு 100 மில்லிமீட்டர் செவ்வகக் கல், 60 மில்லிமீட்டர் தடிமன், 3 மில்லிமீட்டர் ஜாயின்ட் என்று எடுத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டரில் இடுக்குகளின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 2.6 லிட்டர். நூறு சதுர அடிக்குச் சுமார் 24 லிட்டர். எடையில் கிட்டத்தட்ட 40 கிலோ. அதிர்வில் இறுகுவதற்கும் சிந்துவதற்கும் சேர்த்து 50 கிலோ வைத்துக்கொள்ளலாம், அதாவது ஒரு சிமென்ட் மூட்டை அளவு. 80 மில்லிமீட்டர் கல்லானால் மூன்றில் ஒரு பங்கு கூடும். இந்தக் கணக்கு ஒரு சோதனையாகவும் உதவும். நானூறு சதுர அடிக்கு ஒரே ஒரு மூட்டையில் ‘ஃபுல்லா இறங்கிருச்சு’ என்று யாராவது சொன்னால், இடுக்கின் மேல்வாய் மட்டும்தான் நிறைந்திருக்கிறது.

பழைய தரையில் முதலில் இடுக்குகளைச் சுத்தம் செய்ய வேண்டும். உடைந்த ஆக்ஸா பிளேடும், தட்டையான பழைய ஸ்க்ரூடிரைவரும் இதற்கு நல்ல கருவிகள். பாசி, புல்வேர், தூசி கலந்த கறுப்பு மண் எல்லாம் குறைந்தது இரண்டு விரல் ஆழத்துக்கு வெளியே வர வேண்டும். அதற்குக் கீழே மணல் இறுக்கமாக இருந்தால் தொட வேண்டாம்; பிளேடு தடையில்லாமல் இறங்கினால் முழு ஆழத்துக்கும் எடுக்க வேண்டும். வாட்டர் சர்வீஸ் பிரஷர் துப்பாக்கியால் அடித்தால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் முனையை இடுக்குக்கு நேராக வைத்து அடித்தால் படுக்கை மணலும் சேர்ந்து கிளம்பும். சாய்வாக, ஓர் அடிக்குக் குறையாத தூரத்திலிருந்து, கல்லின் முகத்தைக் கழுவுவது போல அடிக்க வேண்டும். பிறகு காத்திருப்பு. மேலே கல் காய்ந்ததாகத் தெரிந்தாலும் இடுக்கின் அடியில் ஈரம் தங்கும். ஒரு குச்சியை ஆழமாக விட்டு எடுத்துப் பார்த்து, மணல் ஒட்டாமல் வந்தால் தயார். நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் ஆகும்.

நிரப்பும்போது தென்னங்குச்சித் துடைப்பம் உதவாது, அதன் குச்சிகள் போட்ட மணலையே தோண்டி எடுக்கும். மென்மையான நாரோ நைலானோ கொண்ட நீளக் கைப்பிடி பிரஷ் வேண்டும். காய்ந்த மணலைச் சிறு சிறு குவியலாகக் கொட்டி, ஜாயின்டின் போக்கிலேயே இழுக்காமல், குறுக்குச் சாய்வாக நாலா பக்கமும் தள்ள வேண்டும். இடுக்குகள் நிறைந்ததும் மேலே ஒரு மெல்லிய மணல் படலம் இருக்கும்படி விட்டு, பிளேட் காம்பாக்டரை ஓட்ட வேண்டும். அடியில் ரப்பர் அல்லது நியோப்ரீன் பாய் கட்டாயம். இல்லையென்றால் கல்லின் விளிம்பு பொரியும், மேல் நிறம் கீறும். அணைப்பு இல்லாத திறந்த ஓரம் இருந்தால் அதிலிருந்து ஒரு மீட்டருக்குள் இயந்திரம் வரக் கூடாது.

இயந்திரம் ஓடும்போது கவனித்தால், நிறைந்திருந்த இடுக்குகளில் மணல் கண்ணெதிரே ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் கீழே போகும். ஈர மணல் போட்ட வேலையில் இது நடக்கவே நடக்காது. நடக்காததைப் பார்த்து ‘நல்லா டைட்டா இருக்கு’ என்று நினைத்துவிடுகிறார்கள். மறுபடி மணல், மறுபடி பிரஷ், மறுபடி இயந்திரம், இம்முறை முந்தைய திசைக்குக் குறுக்காக. இறங்குவது நின்ற பிறகுதான் வேலை முடிந்தது. இரண்டு முறையில் முடியலாம், நாலு முறையும் ஆகலாம். கடைசியில் மணல், கல்லின் மேல்விளிம்புச் சரிவுக்குச் சற்றே கீழே நிற்க வேண்டும். வழிய வழிய நிரப்பினால் கார் டயர் உறிஞ்சி எடுத்துவிடும். எடுத்துக் கட்டிய சிறு பகுதிக்கு இயந்திரம் வாடகைக்கு எடுக்கக் கட்டாது என்றால், ஒரு பலகையைக் கற்களின் மேல் வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்கலாம். முழு முற்றத்துக்கு அது போதாது.

வெறும் மணல் வேலையில் ஓர் ஆறுதல், அன்றைக்கே காரை ஏற்றலாம். சக்கரத்தின் அழுத்தமும் வரும் நாட்களின் நுண்தூசியும் சேர்ந்து மணலை இன்னும் இறுக்கும். அதனால்தான் ஒரு மாதம் கழித்தும், முதல் மழைக்குப் பிறகும் குறைந்த இடங்களில் மேல்நிரப்பு செய்ய வேண்டியிருக்கிறது. இதைக் குறை என்று எண்ண வேண்டியதில்லை, வேலையின் பகுதியே அது.

இந்த இடத்தில்தான் மேஸ்திரியின் யோசனை வரும்: ‘அம்மா, சிமென்ட் பால் ஊத்திடலாம். கல்லு மாதிரி நிக்கும், மழைக்கும் போகாது.’ வீட்டுக்காரருக்கும் அது நியாயமாகப் படும். அவரிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாக வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பேவர் தரை வளைந்து கொடுக்கும்படி வடிவமைக்கப்பட்டது. கார் ஏறும்போது ஒவ்வொரு கல்லும் மில்லிமீட்டரின் சிறு பங்கு இறங்கி எழும். வெயிலில் விரியும்: 10 மீட்டர் கான்கிரீட் 30 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளும். மணல் இரண்டையும் வாங்கிக்கொள்கிறது. 3 மில்லிமீட்டர் கனச் சிமென்ட் தகடு வாங்காது. அது துண்டு துண்டாக வெடிக்கும். வெடித்த துண்டுகள் பெயர்ந்து வெளியே வரும், அல்லது பெயராமல் கல்லின் ஓரத்தை உடைக்கும். கல்லின் முகத்தில் படிந்த சிமென்ட் கறை போவதே இல்லை. நாளைக்குக் குடிநீர்க் குழாய் கசிந்து தோண்ட வேண்டிவந்தால், முழுதாக எடுத்திருக்க வேண்டிய கற்களை உளியால் உடைத்து எடுக்க வேண்டும். மணலோடு சிமென்ட்டை உலர்வாகக் கலந்து தூவுவதும் இதே வகைதான், வெடிப்புகள் கொஞ்சம் தாமதமாக வரும். அடியில் கான்கிரீட் தளம் போட்டு, கலவையில் கல்லைப் பதித்த தரையானால் மட்டுமே சிமென்ட் ஜாயின்ட் பொருந்தும். அது வேறு கட்டுமானம்.

மணல் நிலைக்காத இடங்களும் உண்டு. தெருமட்டத்திலிருந்து செங்குத்தாக ஏறும் ரேம்ப், எறும்பு விடாத மூலை, தினமும் கார் கழுவும் இடம். அங்கே பாலிமெரிக் சாண்ட் உதவும். நைசான மணலில் பிசின் தூள் கலந்தது இது. நனைந்து காய்ந்ததும் துகள்களைப் பிணைக்கும், ஆனால் சிமென்ட் போல விறைக்காமல் ஓரளவு நெகிழும். விலை சாதாரண மணலைவிடப் பல மடங்கு. கோடு தவறாமல் செய்தால் நன்றாக நிற்கும், தவறினால் திருத்துவது கடினம். கல், இடுக்கு, வானம் மூன்றும் உலர்ந்திருக்க வேண்டும். இறக்கி, அதிரவைத்து, மேலே மிச்சமில்லாமல் பெருக்கிய பிறகு, கல்லின் முகத்தில் ஒட்டியிருக்கும் தூளை புளோயரால் ஊதி எடுக்க வேண்டும். இந்த ஒரு படியை விட்டால், தண்ணீர் பட்டதும் தூள் கல்லின் மேலேயே வெள்ளைப் படலமாக உறையும். தண்ணீரைப் பூவாளி போல மென்தூறலாக, இடுக்கில் உள்ளே ஊறும் அளவுக்கு, மூட்டையில் சொன்ன இடைவெளிகளில் தெளிக்க வேண்டும். குறைந்தால் மேலே மட்டும் ஓடு கட்டும். கூடினால் பிசின் கரைந்து ஓடும். அதற்குப் பிறகு ஒரு முழு நாளாவது மழையும் வண்டியும் கூடாது. எப்போதும் ஈரமாக இருக்கும் வடக்குச் சுவரோரத்தில் இது சரியாகக் கெட்டிப்படாது; அங்கே சாதாரண மணலே மேல்.

தெளிக்கும் சீலர்கள் இன்னொரு வழி. அக்ரிலிக் அல்லது பாலியூரிதேன் திரவம் இடுக்கு மணலின் மேல்பகுதிக்குள் இறங்கி அதைப் பிணைக்கும், கல்லின் நிறத்தையும் தூக்கிக் காட்டும். புதுக் கல்லில் உடனே அடிக்கக் கூடாது. கான்கிரீட்டிலிருந்து சுண்ணாம்பு வெளியேறி வெள்ளையாகப் பூப்பது சில மாதங்கள் தொடரும். அதற்கு முன் அடித்தால் அந்த வெள்ளை சீலருக்கு அடியில் நிரந்தரமாகச் சிறைப்படும். பளபளப்பு வகைகள் மழையில் வழுக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் மேட் வகையே சரி; அதையும் ஒரு மூலையில் அடித்து, நனைத்து, மிதித்துப் பார்த்த பிறகே முழுக்க அடிக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டிய செலவும் உண்டு.

மழைநீர் இறங்குவதற்கென்றே அகல இடுக்கோடு செய்த பேவர் பதித்த வீடுகளில் இந்த அத்தியாயத்தின் மணல் எதையும் போடக் கூடாது. இங்கிலாந்தில் 2008 அக்டோபர் முதல், வீட்டு முன்புறத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் நீர் இறங்காத தரை போட்டு, தண்ணீர் ஓடி இறங்க வேறு இடமும் விடாவிட்டால், திட்ட அனுமதி வாங்க வேண்டும். நீர் இறங்கும் பேவருக்கு அனுமதி தேவையில்லை. அந்த வகைத் தரையின் இடுக்கில் போவது தூள் இல்லாமல் அலசிய சிப்ஸ் ஜல்லி, பெரும்பாலும் 6 மில்லிமீட்டருக்கும் குறைந்தது. யாரோ நல்லெண்ணத்தில் மணலைத் தூவி நிரப்பிவிட்டால் தரை தன் வேலையை நிறுத்திவிடும்.

நிரப்பிய மணலைக் காப்பது பெரும்பாலும் அன்றாடப் பழக்கத்தில் இருக்கிறது. வாசல் தெளித்துக் கோலம் போடுவதால் மணல் போகாது. தெளிப்பதற்குப் பதில் வாளித் தண்ணீரை வீசிக் கொட்டுவதும், தென்னந்துடைப்பத்தால் இடுக்கோடு இடுக்காகக் கீறிப் பெருக்குவதுமே ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மணலைத் தூக்கிப்போகின்றன. குறுக்குச் சாய்வாகப் பெருக்கினால் போதும். நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முழுக்க ஒடிப்பதும் கற்களைத் திருகும். வண்டி மெல்ல நகரும்போது திருப்பலாம்.

புல் பெரும்பாலும் கீழிருந்து வருவதில்லை. காற்றில் வந்த விதை, இடுக்கின் மேல் தங்கிய தூசியில் முளைக்கிறது. நிறைந்த இடுக்கில் தூசி தங்க இடமில்லை. கோரை மட்டும் விதிவிலக்கு, அதன் கிழங்கு அடியிலிருந்தே முட்டிக்கொண்டு வரும். அந்த இடத்தில் கல்லை எடுத்துக் கிழங்கைத் தோண்டுவதைத் தவிர வழியில்லை. காக்கை எச்சத்தில் வந்த அரசங்கன்று இரண்டு இலை விட்டதுமே பிடுங்கப்பட வேண்டும். பாசிக்கும் கறைக்கும் பாத்ரூம் ஆசிட் ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஆசிட் கல்லின் சிமென்ட் தோலையே தின்றுவிடும். நிறம் போகும், மேல்முகம் சொரசொரப்பாகி அடுத்த பாசி இன்னும் வேகமாகப் பிடிக்கும். பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும்.

மடிப்பாக்கம், வேளச்சேரி போன்ற தாழ்வான பகுதிகளில், 2015-லும் 2023-லும் டிசம்பரில் நடந்தது போல, முற்றத்தில் நாள்கணக்கில் வெள்ளம் நிற்கலாம். தண்ணீர் நின்றதால் மட்டும் பேவர் கெடாது. வடிந்ததும் அவசரப்பட்டுக் காரை எடுப்பதுதான் கெடுக்கிறது. படுக்கை மணல் நீரில் ஊறியிருக்கும்போது சக்கரம் அழுத்தினால், நீர் மணலையும் சேர்த்து இடுக்கு வழியாக மேலே தள்ளும். வடிந்த பிறகு இரண்டு நாளாவது காரை வெளியே நிறுத்திவைத்து, சேற்றை ஈரம் காய்வதற்குள் கழுவி, தரை உலர்ந்ததும் இடுக்குகளைப் பார்க்க வேண்டும்.

சலித்துக் காயவைத்ததில் மிச்சமான மணலை வீசிவிட வேண்டாம். பிளாஸ்டிக் மூட்டையில் வாய் கட்டி, மாடிப்படிக்கு அடியில் ஈரம் படாமல் வையுங்கள். பொங்கல் கழிந்து தரை காய்ந்ததும், கேட்டுப் பக்கமும் சன்ஷேடுக்குக் கீழும் கொஞ்சம் தேவைப்படும்.